காக்கை, அண்டங்காக்கை, கரிச்சான், குயில்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பொங்கல் நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு. அப்போது குளக்கரைக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வருகிற பெற்றோர், வரப்பில் நின்று பேச்சுக் கொடுக்கிற விவசாயிகள் எல்லோரும் என்னிடம் அதிகம் கேட்பது பூநாரையைப் பற்றியோ வரித்தலை வாத்தைப் பற்றியோ அல்ல. காக்காவைப் பற்றியும், காக்கா மாதிரி கறுப்பாக இருக்கும் மற்ற பறவைகளைப் பற்றியும்தான்.

எனக்கு அதில் சந்தோஷம்தான். வாசலில் தினமும் பார்க்கிற பறவையைச் சரியாகப் பார்க்கப் பழகியவர்களுக்கு மற்றப் பறவைகள் சுலபமாகப் பிடிபடும். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. சார், நம்ம ஊர்ல காக்கா மொத்தம் எத்தனை வகை?

இரண்டு. ஒன்று வீட்டுக் காக்கை. சிலர் மணிக்காக்கை என்பார்கள். இன்னொன்று அண்டங்காக்கை. திருநெல்வேலி டவுன் ரதவீதியானாலும் பாபநாசம் படித்துறையானாலும் நீங்கள் பார்க்கிற காக்கை இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வீட்டுக் காக்கைக்கு நெற்றி, உச்சந்தலை, தொண்டை, இறக்கை, வால் எல்லாம் பளபளப்பான கறுப்பு. பிடரி, கழுத்து, மார்பு மட்டும் சாம்பல். அண்டங்காக்கை அலகிலிருந்து வால் நுனி வரை முழுக் கறுப்பு. நீளத்தில் வீட்டுக் காக்கை சுமார் 40 செ.மீ., அண்டங்காக்கை 46 முதல் 48 செ.மீ. வரை. தனித்தனியாகப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உடனே தெரியும்.

2. கழுத்து சாம்பலா இருக்கது பொட்டை, முழுக் கறுப்பா இருக்கது சேவல்னு எங்க ஆச்சி சொல்லுவாங்க. சரிதானா?

சரியில்லை. ஆனால் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இரண்டும் வேறு வேறு இனங்கள். வீட்டுக் காக்கையில் ஆணுக்கும் சாம்பல் கழுத்து, பெண்ணுக்கும் சாம்பல் கழுத்து. அண்டங்காக்கையில் இரண்டுமே முழுக் கறுப்பு. வெறும் கண்ணால் பார்த்து இது ஆண், இது பெண் என்று காக்கையில் யாராலும் சொல்ல முடியாது.

சந்தேகம் இருந்தால் சித்திரை, வைகாசியில் தெரு வேப்பமரத்தில் கூடு கட்டும் ஜோடியைப் பாருங்கள். குச்சி கொண்டு வருகிற இரண்டுமே ஒரே மாதிரி இருக்கும். ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு நிறமாக இருப்பது குயிலில்தான். அதை 12-ல் சொல்கிறேன்.

3. புஸ்தகத்துல உள்ள படத்துல கழுத்து நல்லா வெளுத்துக் கிடக்கு. நம்ம ஊர் காக்காவுக்கு அப்படி இல்லையே?

நல்ல கண் உங்களுக்கு. வீட்டுக் காக்கையிலேயே இடத்துக்கு இடம் கழுத்து நிறம் மாறும். தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவுப் பகுதிகளில் உள்ள துணையினத்துக்குக் கழுத்துச் சாம்பல் அடர்த்தியாக இருக்கும். வடக்கே போகப் போக வெளுக்கும். புத்தகங்களிலும் இணையத்திலும் வருகிற படங்கள் பெரும்பாலும் வட இந்தியக் காக்கைகள்.

அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் காக்கையைப் பார்த்தால், “கழுத்து வெளுப்பா இல்லையே, அப்போ அண்டங்காக்கா” என்று முடிவுக்கு வந்துவிடுவோம். நம் பக்கத்தில் தேட வேண்டியது வெளுத்த கழுத்தை அல்ல. தலைக் கறுப்பும் கழுத்தும் சேரும் இடத்தில் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். கன்னத்துக்குப் பின்னால் ஒரு கோடு தெரிந்தாலே அது வீட்டுக் காக்கை.

4. கழுத்தே சரியாத் தெரியலன்னா அண்டங்காக்காவை எப்படிக் கண்டுபிடிக்க?

அலகைப் பாருங்கள். எனக்குக் கழுத்தைவிட அலகின் மேல்தான் நம்பிக்கை. அண்டங்காக்கையின் அலகு தடித்தது; மேல்விளிம்பு நன்றாக வளைந்து இறங்கும். அந்த அலகுக்குப் பின்னால் நெற்றி செங்குத்தாக எழும்பி நிற்கும். அதனால் பக்கவாட்டில் பார்க்கும்போது அலகும் நெற்றியும் சேருமிடத்தில் ஒரு முக்கு தெரியும். வீட்டுக் காக்கைக்கு அலகு ஒல்லி, நெற்றி சரிவாகப் பின்னால் போகும்.

அடுத்தது சேர்க்கை. வீட்டுக் காக்கை கூட்டத்தோடு திரியும். அண்டங்காக்கை பெரும்பாலும் ஒன்றாகவோ ஜோடியாகவோ வரும். மாட்டுக்கறிக் கடைப் பக்கம், செத்த விலங்கு கிடக்கும் இடம் என்றால் கூடுதலாகச் சேரும்.

மூன்றாவது இடம். வீட்டுக் காக்கை மனிதன் இல்லாமல் இருக்காது. களக்காடு, முண்டந்துறைக் காட்டுக்குள் ஆள் குடியிருப்பைத் தாண்டி ஒரு காக்கையைப் பார்த்தால் அது அநேகமாக அண்டங்காக்கைதான். ஊருக்குள் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே இரண்டும் இருக்கும்.

5. சத்தத்தை மட்டும் வச்சு சொல்ல முடியுமா?

முடியும், கொஞ்சம் பழக வேண்டும். வீட்டுக் காக்கையின் ‘கா… கா…’ மூக்கால் வருகிற, சற்றே தட்டையான குரல். அண்டங்காக்கையின் குரல் தொண்டைக்குள்ளிருந்து கரகரப்பாக, ‘க்ரா… க்ரா…’ என்று கனமாக வரும். அண்டங்காக்கை வேறு பல விசித்திரச் சத்தங்களும் போடும். மதியத்தில் தென்னைமர உச்சியிலிருந்து கட்டையைத் தட்டுகிற மாதிரியோ முனகுகிற மாதிரியோ சத்தம் வந்தால் உடனே புதுப் பறவை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் அண்டங்காக்கையா என்று பாருங்கள்.

6. அமாவாசைச் சோத்தை அண்டங்காக்கா எடுத்தா கணக்குல சேருமா?

எங்கள் பக்கத்தில் யாரும் பிரித்துப் பார்த்து நான் கண்டதில்லை. காக்கைக்கு வைத்த சோறு, காக்கை எடுத்தது, அவ்வளவுதான். வீட்டுப் பெரியவர்கள் வேறு முறை வைத்திருந்தால் அதன்படி செய்யுங்கள்.

பறவை பார்க்கிறவனாக எனக்கு அந்த நேரம் அருமையான நேரம். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று மதியம் மாடிச் சுவரில் இலைத்துண்டில் சோறு வைத்துக் கூப்பிட்டால் வீட்டுக் காக்கைகள் முதலில் வரும். சில வீடுகளில் சற்றுப் பின்னால் ஒரு அண்டங்காக்கையும் வந்து சுவர் மூலையில் நிற்கும். ஐந்தாறு அடி தூரத்தில் இரண்டையும் ஒருசேரப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. அப்போது அலகின் அடியைக் கவனியுங்கள். மூக்குத் துளையை மூடிக்கொண்டு மயிர் மாதிரி விறைப்பான சின்ன இறகுகள் முன்னோக்கிப் படிந்திருக்கும். இரண்டு காக்கைக்கும் அது உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 13-ல் உதவும்.

7. அண்டங்காக்கா வீட்டு முன்னால கத்தினா துக்கம் வரும்னு சொல்லுதாங்களே?

செத்ததைத் தின்னும் பறவை என்பதால் வந்த பயம் இது. செத்த எலி, கோழிக் குடல், சாலையில் அடிபட்ட நாய் என்று எது கிடந்தாலும் அது தேடி வரும். ஊரைச் சுத்தமாக வைக்கிற வேலை அது. உங்கள் வீட்டு முன்னால் கத்தினால் பக்கத்தில் எங்கேயோ அதற்கு இரை கிடக்கிறது அல்லது கூடு இருக்கிறது என்று பொருள். அதற்காகக் கல்லெடுத்து எறிய வேண்டாம். காக்கை கரைந்தால் விருந்து வரும் என்பதும் இதே ஊர் நம்பிக்கைதான். குறுந்தொகையில் அதற்கென்றே ஒரு பாட்டு உண்டு. அதைப் பாடியவருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நின்றுவிட்டது.

8. அண்டங்காக்காவும் இங்கிலீஷ் படத்துல வர்ற ரேவனும் ஒண்ணுதானா?

இல்லை. ரேவன் நம் ஊரிலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. இந்தியாவில் அது வடமேற்கு வறண்ட பகுதிகளான ராஜஸ்தான், பஞ்சாப் பக்கமும், இமயமலையின் உயரங்களிலும்தான் இருக்கிறது. தமிழில் டப்பிங் செய்யும்போதும் கதை சொல்லும்போதும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால் பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள்.

ரேவன் 60 செ.மீ. தாண்டும். பருந்து அளவுக்கு இருக்கும். பறக்கும்போது வாலைப் பாருங்கள்: நடு இறகுகள் நீண்டு, ஓரம் குறுகி, ஆப்பு வடிவத்தில் தெரியும். அண்டங்காக்கையின் வால் நுனி லேசாக வளைந்திருக்கும், ஆப்பாகத் தெரியாது. ரேவனின் தொண்டையில் இறகுகள் கலைந்து தாடியாகத் தொங்கும். குரலும் ‘க்ரோங்க்’ என்று ஆழத்திலிருந்து வரும். அது அதிக நேரம் இறக்கையை அடிக்காமல் காற்றில் மிதக்கும், நடுவே குட்டிக்கரணமும் போடும்.

ஒரு எச்சரிக்கை. காக்கைகள் இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும் காலத்தில் வால் வடிவம் கன்னாபின்னாவென்று இருக்கும். நாலைந்து இறகு இல்லாமல் நடு இறகு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் அண்டங்காக்கையைப் படமெடுத்து, “மணிமுத்தாறில் ரேவன் பார்த்தேன்” என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது ரேவன் இல்லை.

9. எங்க அண்ணன் துபாய்ல இருக்கான். அங்க நம்ம ஊர் காக்கா இருக்குங்கான், பாலைவனத்துல பெரிய கறுப்புக் காக்காவும் பாத்தேங்கான். ரெண்டும் என்னது?

ஊருக்குள் பார்த்தது நம் வீட்டுக் காக்கையேதான். அது கப்பலில் ஏறிக்கொண்டு உலகம் சுற்றிய பறவை. வளைகுடா நாடுகள், கிழக்கு ஆப்பிரிக்கா, மலேசியா, சிங்கப்பூர் எல்லா இடத்திலும் துறைமுகங்களைப் பிடித்துக்கொண்டு பெருகியிருக்கிறது. அங்கெல்லாம் உள்ளூர்ப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்பதால் அதை ஒரு தொல்லையாகவே பார்க்கிறார்கள்.

பாலைவனத்தில் பார்த்தது பழுப்புக் கழுத்து ரேவனாக இருக்கும். அது அந்த நிலத்துக்கே உரிய பறவை. நல்ல வெளிச்சத்தில் பிடரி பழுப்பாகத் தெரியும். அண்ணன் திரும்பிப் போகும்போது 8-ல் சொன்ன வாலைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

10. எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் கொண்டு வந்த காகம் எந்தக் காக்கா?

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தவறாமல் கேட்பது இது. 1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தில் வரும் கேரீத் ஆறு இருப்பது யோர்தானுக்குக் கிழக்கே உள்ள வறண்ட நிலத்தில். அந்தப் பக்கத்தில் இருப்பவை ரேவன் வகைகள்: சாதாரண ரேவன், மேலே சொன்ன பழுப்புக் கழுத்து ரேவன், வால் குட்டையான விசிறிவால் ரேவன். நோவா பேழையிலிருந்து முதலில் அனுப்பிய பறவையையும் அந்த உருவத்திலேயே மனதில் வரைந்துகொள்ளலாம். படம் வரையும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கழுத்தில் சாம்பல் பூசாதீர்கள், அலகைப் பெரிதாகப் போடுங்கள்.

11. சின்னதா, ரெண்டாப் பிளந்த வாலோட காக்காவையே விரட்டுதே, அது என்ன பறவை?

கரிச்சான். கரிக்குருவி, இரட்டைவால் குருவி, வலியன் என்றெல்லாமும் சொல்வார்கள். நீளம் 28 செ.மீ. சுமார், எடை காக்கையில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வயல் நடுவே கரண்டுக் கம்பியிலும் மேய்கிற மாட்டின் முதுகிலும் உட்கார்ந்திருக்கும். மாடு நடக்கும்போது கிளம்புகிற பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். வால் மீன்வால் மாதிரி இரண்டாகப் பிரிந்து, நுனி வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அலகின் ஓரத்தில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி உண்டு. கிட்டத்தில் நின்றால் தெரியும்.

கூடு வைத்திருக்கும்போது அதன் எல்லைக்குள் காக்கை வந்தாலும் பருந்து வந்தாலும் முதுகில் கொத்தி விரட்டிவிட்டுத்தான் ஓயும். அதனால் அந்த மரத்திலேயே புறாவும் மாங்குயிலும் பாதுகாப்பாகக் கூடு வைத்துக்கொள்ளும். மதுரைத் திருவிளையாடல் கதைகளில் காக்கைகள் கொத்தித் துரத்திய கரிக்குருவிக்குச் சொக்கநாதர் மந்திரம் உபதேசித்து, அது வலியான் என்று பெயர் பெற்ற கதை உண்டு. கார் அறுவடை முடிந்த வயலில் கரிச்சான் காக்கையை அடித்து விரட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை ஞாபகம் வரும். பறவையை நன்றாகக் கவனித்த யாரோதான் அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

12. மாமரத்துக்குள்ள முழுக் கறுப்பா ஒண்ணு ஒளிஞ்சு நிக்கு. காக்காவா, குயிலா?

கண் சிவப்பாக இருந்தால் ஆண் குயில். காக்கைக்குக் கண் அடர்ந்த பழுப்பு, தூரத்தில் கறுப்பாகவே தெரியும். குயிலின் அலகு வெளிறிய பச்சைச் சாம்பல்; காக்கைக்கு அலகும் கறுப்பு. குயிலுக்கு உடம்பு ஒல்லி, வால் நீளம், கறுப்பில் நீலப் பளபளப்பு.

கண்ணும் அலகும் தெரியவில்லை என்றால் நடத்தையைப் பாருங்கள். காக்கை தரையில் இறங்கி நடக்கும், தத்தும், குப்பையைக் கிளறும். குயில் தரைக்கு வருவது அபூர்வம். பழம் தின்னுகிற பறவை என்பதால் இலைக்குள்ளேயே கிளைக்குக் கிளை தாவும். பறக்கும்போது மரத்திலிருந்து மரத்துக்கு நேராக, வேகமாகப் போய் மறைந்துவிடும்.

உடம்பெல்லாம் பழுப்பும் வெள்ளைப் புள்ளியும் கோடுமாக ஒரு பறவை அதே மரத்தில் ‘கிக் கிக் கிக்’ என்று கத்தினால் அதுதான் பெண் குயில். பங்குனியிலிருந்து ‘கூ…ஊ, கூ…ஊ’ என்று ஏறிக்கொண்டே போகும் குரல் ஆணுடையது. ஊரில் பாதிப் பேர் பெண் குயிலைப் பார்த்துவிட்டு ஏதோ பருந்து வகை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

13. வேப்பமரத்துக்கு அடியில கறுப்புக் குஞ்சு ஒண்ணு விழுந்து கிடக்கு. காக்கா சோறு ஊட்டுது. அப்போ அது காக்காக் குஞ்சுதானே?

காக்கை ஊட்டுவதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சில நேரம் ஆண் குயில் காக்கைகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போக, அந்த இடைவெளியில் பெண் முட்டையிட்டுவிடும். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும். காக்கை முட்டைக்கு அதைவிட இரண்டு மூன்று நாளாவது கூடுதலாக ஆகும். முந்திப் பிறந்த குஞ்சு முந்தித் தின்று வளர்கிறது. கூட்டைவிட்டு வெளியே வந்த பிறகும் காக்கைகளே அதற்கு ஊட்டும்.

குஞ்சைக் கையில் எடுக்க நேர்ந்தால் காலைப் பாருங்கள். காக்கைக் குஞ்சுக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. குயில் குஞ்சுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இது ஒருபோதும் மாறாது. அடுத்து அலகின் அடி: 6-ல் சொன்ன விறைப்பு இறகுகள் மூக்குத் துளையை மூடியிருந்தால் காக்கை, துளை திறந்து தெரிந்தால் குயில். வாய்க்குள் சிவப்பாக இருப்பதை வைத்துச் சொல்ல வேண்டாம், இரண்டு குஞ்சுக்கும் அப்படித்தான் இருக்கும்.

பார்த்து முடித்ததும் பூனை எட்டாத உயரத்தில் ஒரு கிளையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். காக்கைகள் உங்கள் தலையைக் குறி பார்த்து வரும், தலையில் ஒரு துண்டு இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டு போய்ப் பாலும் சோறும் ஊட்ட வேண்டாம். காகம் பார்த்துக்கொள்ளும்.

14. இறக்கை மட்டும் செம்மண் நிறம், மத்ததெல்லாம் கறுப்பு. வேலிக்குள்ள நடந்து போச்சு. காக்கா சாதியா?

செம்போத்து. காக்கை உறவு கிடையாது, குயில் உறவு. கண் குயிலைப் போலவே சிவப்பு. ஆனால் தானே கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும். நிறமே போதும், குழப்பம் வராது. நிழலில் கறுப்பாகத் தெரிந்தால், கனமான உடம்போடு தாழ்வாகப் பறந்து புதருக்குள் விழுவதையும் ‘ஊப் ஊப் ஊப்’ என்ற ஆழமான குரலையும் வைத்துச் சொல்லிவிடலாம்.

15. குளத்துக்குள்ள பட்டுப்போன மரத்துல இறக்கையை விரிச்சுக்கிட்டு நிக்கிற காக்கா?

நீர்க்காகம். பெயரில்தான் காகம், விரல்களுக்கிடையே சவ்வு உள்ள, முங்கி மீன் பிடிக்கிற பறவை. இறகு நனைந்துவிடுவதால் வெயிலில் விரித்துக் காய வைக்கும். நயினார்குளத்திலும் விஜயநாராயணம் குளத்திலும் தாராளமாகப் பார்க்கலாம். கழுத்து குட்டை, அலகு குட்டை என்றால் சின்ன நீர்க்காகம். கழுத்து வளைந்து நெளிந்து, அலகு நேராக ஊசியாக இருந்தால் அது பாம்புத்தாரா.

தண்ணீரில் மிதக்கும் கறுப்புப் பறவைக்கு நெற்றியில் வெள்ளை இருந்தால் நாமக்கோழி. வயலில் கூட்டமாக இறங்கி, கீழே வளைந்த நீண்ட அலகால் சேற்றைக் குத்தினால் அரிவாள் மூக்கன். தூரத்தில் முழுக் கறுப்பாகத் தெரியும் அரிவாள் மூக்கன் கிட்டத்தில் செம்பழுப்பும் பச்சைப் பளபளப்புமாக இருக்கும். கூந்தன்குளம் போகிறவர்கள் இதை நின்று பார்க்க வேண்டும்.

16. தேரிக்காட்டுப் பக்கம் சின்னக் கறுப்புக் குருவி, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டுது. கரிச்சான் குஞ்சா?

இல்லை, கருஞ்சிட்டு. ஆணுக்குத் தோளில் வெள்ளைப் பட்டை, வாலுக்கு அடியில் செங்கல் நிறம். கரிச்சான் உயரத்தில் உட்காரும், இது தரையில் ஓடும். வெள்ளைப் பட்டை நீளமாக, மார்புக்குக் கீழே வயிறும் வெள்ளையாக இருந்தால் அது குண்டுகரிச்சான். தோட்டங்களில் விடியற்காலையில் அழகாகப் பாடும்.

17. கார்த்திகை, மார்கழியில சாயங்காலம் ஆயிரக்கணக்குல கறுப்புக் குருவி கூட்டமாப் பறக்குதே?

அவை சூறைக்குருவிகள். நடு ஆசியப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு வருபவை. வானத்தில் கறுப்பாகத் தெரிவது தலையும் இறக்கையும். மரத்தில் வந்து உட்கார்ந்தால் முதுகும் வயிறும் இளஞ்சிவப்பு. சோளக்காட்டில் இறங்கினால் தானியம் தின்னும் என்று திட்டுவார்கள். வெட்டுக்கிளியை அவை தின்னும் அளவைப் பார்த்தால் திட்ட மனம் வராது.

18. கரிச்சானிலேயே வயிறு வெள்ளையா ஒண்ணு பாத்தேன். அது தனி வகையா, குஞ்சா?

இரண்டுமாக இருக்கலாம், இங்கேதான் கவனம் வேண்டும். இளம் கரிச்சானுக்கு வயிற்றில் இறகு நுனிகள் வெள்ளையாக, செதில் செதிலாக இருக்கும். வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. வெள்ளை வயிற்றுக் கரிச்சான் என்ற தனி இனத்துக்கு மார்பு கரும்சாம்பல், அதற்குக் கீழே சுத்தமான வெள்ளை. அது வெட்டவெளிக் கம்பியைவிட மரம் அடர்ந்த தோப்பைத்தான் விரும்பும்.

குளிர்காலத்தில் சாம்பல் கரிச்சானும் வரும். உடம்பு கறுப்பில்லாமல் ஈயச் சாம்பல், கண் பளிச்சென்ற சிவப்பு, அலகோரத்து வெள்ளைப் புள்ளி கிடையாது. மர உச்சியில் உட்காரும். வெளிச்சம் சரியில்லாதபோது மூன்றையும் பிரிப்பது எளிதல்ல. கண்ணைப் பார்க்க முடியாதவரை நான் பெயர் சொல்வதில்லை.

19. மலைக்கு மேல போனா இதெல்லாம் மாறுமா?

நிறைய மாறும். வீட்டுக் காக்கை விலகி அண்டங்காக்கை நிற்கும் (4-ஐப் பாருங்கள்). வாலில் இரண்டு நீண்ட கம்பி, நுனியில் துடுப்பு என்று பறந்தால் துடுப்புவால் கரிச்சான். மற்றப் பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும். துடுப்பு உதிர்ந்திருந்தால் நெற்றிமேல் எழுந்து நிற்கும் குடுமியைப் பாருங்கள், சாதாரணக் கரிச்சானுக்கு அது கிடையாது.

ஓடைப் பாறையில் கறுப்பாக நின்று, மனிதன் சீட்டியடிப்பது மாதிரி பாடினால் சீகாரப் பூங்குருவி. வெயில் பட்டால் நெற்றியிலும் தோளிலும் நீலம் மின்னும். தலைக்குப் பின்னால் மஞ்சள் தோல், இறக்கையில் வெள்ளைத் திட்டு, ஆரஞ்சு அலகு என்றால் மலை மைனா.

20. மழையில நனைஞ்ச காக்காவையும் எதிர்வெயில்ல நிக்கிற காக்காவையும் என்னன்னு சொல்ல?

நனைந்தால் சாம்பல் கழுத்து கறுத்துவிடும். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு. நேர் எதிராக, உச்சி வெயிலில் அண்டங்காக்கையின் கழுத்து மினுமினுத்துச் சாம்பலாகத் தெரியும். மூன்று சமயத்திலும் நிறத்தை விட்டுவிட்டு 4-ல் சொன்ன அலகையும் நெற்றியையும் பாருங்கள். முடிந்தால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வரும்படி நடந்து இடம் மாறி நில்லுங்கள். ஐப்பசி மழைக்கு அப்புறம் காக்கை இறக்கையை உதறிக் காய வைக்கும். கால்மணி நேரம் காத்திருந்தால் நிறம் திரும்பிவிடும்.

21. வெள்ளைக் காக்கா நிஜமாவே உண்டா?

உண்டு. நிறமிக் குறைபாட்டால் அபூர்வமாக அப்படிப் பிறக்கும். தனி இனம் இல்லை. முழு வெள்ளையாகவும் இருக்கலாம், இறக்கையில் நாலைந்து இறகு மட்டும் வெளுத்தும் இருக்கலாம். எந்தக் காக்கை என்று கேட்டால் மறுபடியும் அலகுதான் பதில்.

22. ஆப்ல அண்டங்காக்காவைத் தேடினா ‘ஜங்கிள் க்ரோ’ வரல, ‘லார்ஜ்-பில்டு க்ரோ’ன்னு வருது. எதைப் போட?

அதையே போடுங்கள். பெரிய அலகுக் காகம் என்பது ஆசியா முழுக்கப் பரவிய ஒரு கூட்டம். தென்னிந்தியாவில் உள்ளதைச் சிலர் இந்தியக் காட்டுக் காகம் என்று தனி இனமாகவும், சிலர் அந்தக் கூட்டத்தின் ஒரு பிரிவாகவும் வைக்கிறார்கள். நம் ஊரில் அந்தக் கூட்டத்தில் வேறு எதுவும் இல்லாததால் எந்தப் பெயரில் போட்டாலும் பறவை ஒன்றுதான்.

23. சாயங்காலம் அடையப் போற காக்காக் கூட்டத்தை எண்ணுதோம். எது எந்தக் காக்கான்னு தெரியல. தாள்ல எப்படி எழுத?

‘காகம், இனம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். செயலியிலும் அப்படிப் போட வழி இருக்கிறது. “ஊருக்குள்ளதானே, எல்லாம் வீட்டுக் காக்காவாத்தான் இருக்கும்” என்று மொத்தத்தையும் ஒரே பெயரில் போட்டுவிட்டால், அந்தக் கூட்டத்தோடு வந்த அண்டங்காக்கைகள் கணக்கிலிருந்தே போய்விடும். பத்தாண்டு கழித்து அந்தத் தாளைப் பார்க்கிறவருக்கு அவை அங்கே இருந்ததே தெரியாமல் போகும்.

இரண்டு பேராக எண்ணினால் நல்லது. ஒருவர் பத்துப் பத்தாகக் கூட்டத்தை எண்ணட்டும். மற்றவர் தனியாகவும் ஜோடியாகவும் வருகிறவற்றின் அலகையும் குரலையும் மட்டும் கவனிக்கட்டும். உறுதியாகத் தெரிந்த அண்டங்காக்கைகளைத் தனி வரியில் எழுதுங்கள், அவற்றைக் கழித்து மிச்சத்தை ‘இனம் தெரியவில்லை’ வரியில் போடுங்கள். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், மேற்கு வெளிச்சம் முதுகில் விழுகிற மாதிரி கரையின் மேற்குப் பக்கம் நின்றுகொண்டால் பாதி வேலை குறையும்.